கைத்தட்டல் வாக்காகுமா?

பத்தாண்டுகளில் ஆறு முறை வேட்பாளராக நின்றார்; ஆறு முறையும் தோற்றார். 2014-ஆம் ஆண்டு டார்ஜிலிங் நாடாளுமன்றத் தொகுதி. 2016-இல் சிலிகுரி சட்டமன்றத் தொகுதி. 2019-இல் சிக்கிம் மாநிலத்திலே காங்டாக், துமென்-லிங்கி என்று ஒரே தேர்தலில் இரண்டு தொகுதிகள். அதே ஆண்டு அக்டோபரில் காங்டாக் இடைத்தேர்தல். 2024-இல் பார்ஃபுங். எண்ணிப் பாருங்கள், ஆறு! இந்தியக் கால்பந்து அணியின் தலைவராக விளங்கிய பாய்சுங் பூட்டியாவின் அரசியல் கணக்கு இது. எதிரணியினர் காத்த எத்தனையோ கோட்டைகளைக் காலால் உடைத்தெறிந்த அந்த வீரருக்கு, வாக்குப் பெட்டி என்னும் சின்னஞ்சிறு கோட்டை மட்டும் திறக்கவே இல்லை.

கேலி பேசுவோர் உளர். "பந்து உதைப்பவனுக்குப் பாராளுமன்றத்திலே என்ன வேலை? படித்தவன் ஆளட்டும், ஆடுகிறவன் ஆடட்டும்" என்று மூக்கின்மேல் விரல் வைக்கும் மேதாவிகள் எந்த ஊரிலும் உண்டு, நம் தாடிக்கொம்பிலும் உண்டு. அவர்களோடு எனக்கு உடன்பாடு கிடையாது. செருப்புத் தைப்பவனும், பூட்டு அறுப்பவனும், தோல் பதனிடுபவனும், மேடையிலே வேடம் கட்டுபவனும் ஆளத் தகுதியற்றவர் என்று சொல்லி வந்த கூட்டத்தின் கடைசி வாரிசுகள் அவர்கள். கல்லூரியை இடையிலே விட்டுவிட்டு மேடைக்கு வந்தவன் நான். பட்டம் பெற்றவருக்கே நாடு என்றால், இந்தப் பத்தியை எழுதவும் எனக்கு உரிமை இராது! ஆகவே பூட்டியா ஆட்டக்காரர் என்பதால் தோற்றார் என்று எவரேனும் உங்களிடம் சொன்னால், நம்பாதீர்.

எனக்குக் கவலை தருவோர் வேறு சிலர். அவர்கள் நம் தோழர்களே. திண்டுக்கல்-கரூர் சாலையோரத்துத் தேநீர்க் கடையிலே அண்மையில் ஒரு தம்பி என்னிடம் சொன்னான்: "அண்ணே, கூட்டம் போட்டா இருநூறு பேர் வரமாட்டேங்குறான். ஒரு கிரிக்கெட்காரனோ பந்தாட்டக்காரனோ நம்ம கொடியப் புடிச்சு நின்னா, இந்த ரோடே கொள்ளாது. தலைமையில சொல்லி யாரையாச்சும் கொண்டாங்கண்ணே!" நல்ல தம்பி, உழைக்கிற தம்பி, சுவரொட்டி ஒட்டிக் கையெல்லாம் பசை காய்ந்த தம்பி. அவன் வாயிலிருந்து அந்தச் சொல் வந்ததால்தான் இந்த வாரம் சிக்கிமுக்கு உங்களை அழைத்துச் செல்கிறேன்.

தெற்குச் சிக்கிமில் திங்கிதம் என்னும் மலைச் சிற்றூரில் 1976-ஆம் ஆண்டு பிறந்தவர் பூட்டியா. பதினாறு பதினேழு வயதிலே மலையை விட்டு இறங்கி, 1993-இல் கொல்கத்தாவின் ஈஸ்ட் பெங்கால் கழகத்தில் சேர்ந்தார். கொல்கத்தாவுக்குக் கால்பந்து என்பது வெறும் பொழுதுபோக்கு அன்று. 1911-ஆம் ஆண்டு மோகன் பகான் கழகத்து இளைஞர்கள் பெரும்பாலோர் வெறுங்காலோடு ஆடி, ஈஸ்ட் யார்க்‌ஷயர் படையணியை 2-1 என வென்று, வெள்ளையனிடமிருந்து கேடயத்தைப் பறித்த ஊர் அது. வங்கத்தின் கிழக்கிலிருந்து இடம் பெயர்ந்து வந்தோர் ஒரு கழகத்தையும், ஏற்கனவே அங்கு வாழ்ந்தோர் மற்றொரு கழகத்தையும் தம் உயிரெனக் கருதிய ஊர். அந்த ஊரின் சால்ட் லேக் அரங்கிலே, 1997 ஜூலையில், அவ்விரு கழகங்களும் மோதிய ஆட்டத்தைக் காண 1,30,000-க்கு மேற்பட்டோர் திரண்டனர். ஈஸ்ட் பெங்கால் 4-1 என வென்றது. நான்கில் மூன்று கோல்கள், இருபது வயதே நிரம்பிய பூட்டியாவின் காலிலிருந்து புறப்பட்டவை! 1999-இல் இங்கிலாந்தின் பரி கழகம் அவரை ஒப்பந்தம் செய்துகொண்டது. நாட்டின் அணிக்குத் தலைமை ஏற்றார். 2007-லும் 2009-லும் நேரு கோப்பை அவர் தலைமையில் வந்தது. பத்மஸ்ரீ விருது வந்தது. 2012-இல் அவருக்குப் பிரியாவிடை கொடுக்க ஜெர்மனியின் பேயர்ன் மியூனிக் கழகமே தில்லிக்கு வந்து ஆடியது.

இத்தனைக்கும் மேலே, 2008-ஆம் ஆண்டு ஒரு காரியம் செய்தார். பெய்ஜிங் ஒலிம்பிக் சுடர் தில்லி வழியே வந்தபோது, அதை ஏந்தி ஓடும் பெருமை அவருக்கு அளிக்கப்பட்டது. திபெத்து மக்களுக்கு நான் துணை நிற்கிறேன், ஏந்தமாட்டேன் என்று மறுத்தார். எந்தக் கட்சியும் அப்படிச் சொல்லச் சொல்லி அவருக்கு எழுதிக் கொடுக்கவில்லை. எந்தத் தொகுதியிலும் அவர் அன்று நிற்கவில்லை. அவருடைய பொது வாழ்விலே நான் மதிக்கும் நாள் அதுதான். பிற்பாடு வேட்பாளர் ஆனபோது இவ்வளவு தெளிவாக அவர் ஒரு பக்கம் நின்ற நாள் எது என்று தேடினேன்; எனக்கு அகப்படவில்லை.

சரி, 2014-க்கு வருவோம். மேற்கு வங்கத்தின் ஆளுங்கட்சியான திரிணாமூல் காங்கிரசு அவரை டார்ஜிலிங் தொகுதியில் நிறுத்தியது. அந்தத் தேர்தலில் மாநிலத்தின் 42 இடங்களில் 34-ஐ அந்தக் கட்சி வாரிக்கொண்டது. பேரலை! ஆனால் அலைமேல் ஏற்றிவிடப்பட்ட பூட்டியா மட்டும் 1,97,239 வாக்குகள் வேறுபாட்டில் வீழ்ந்தார். வென்றவர் பாரதிய ஜனதா கட்சியின் எஸ்.எஸ்.அலுவாலியா. மலையிலே பிறந்தவர் அல்லர். பிறகு எப்படி வென்றார்? மலை மக்களின் கேள்வி ஒன்று இருந்தது, தோழரே! எங்களுக்குத் தனி மாநிலம் உண்டா, இல்லையா என்ற கேள்வி. பல ஆண்டுகளாகத் தெருவிலே போராடி, உயிர் கொடுத்து, கடையடைத்து அவர்கள் கேட்டுவந்த கேள்வி அது. அந்தக் கோரிக்கையைத் தாங்கி நின்ற கூர்க்கா ஜனமுக்தி மோர்ச்சா அலுவாலியாவை ஆதரித்தது. பூட்டியாவை அனுப்பிய கட்சியோ, வங்கத்தைப் பிரிக்க விடமாட்டோம் என்று சொன்ன கட்சி.

அந்த மக்கள் கூர்க்காலாந்து கேட்டார்கள்; அவர்களுக்கு ஒரு கோல் அடிப்பவரைக் கொடுத்தார்கள்! பசித்து வந்தவனுக்குப் பாட்டுப் பாடிக் காட்டுவதுபோல. பூட்டியாவின் முகம் மலை முகம்தான், மறுக்கவில்லை. அந்த முகத்தைக் காட்டினால் மக்கள் தம் கேள்வியை மறந்துவிடுவார்கள் என்று கணக்குப் போட்டவர்களின் கணக்குத்தான் தப்பியது. தனி மாநிலம் சரியா தவறா என்பது இங்கே என் வழக்கன்று. கேட்ட கேள்விக்கு "ஆம்" என்றோ "இல்லை" என்றோ நேர்நின்று விடை சொல்லாமல், புகழ்பெற்ற ஒரு முகத்தைத் திரையாகத் தொங்கவிட்டதுதான் என் வழக்கு.

2016-ஆம் ஆண்டு சிலிகுரி. மறுபடியும் அதே அலை. 294 இடங்களில் 211 திரிணாமூலுக்கு. மறுபடியும் அதே தோல்வி. இம்முறை 14,072 வாக்குகள். எதிரே நின்றவர் மார்க்சிஸ்ட் கம்யூனிஸ்ட் கட்சியின் அசோக் பட்டாச்சார்யா. 1991 முதல் 2011 வரை தொடர்ந்து அவ்வூரின் சட்டமன்ற உறுப்பினர், அமைச்சர், 2011-இல் தோற்றும் ஊரை விட்டு அகலாதவர், 2015-இல் நகரின் மேயராக மீண்டவர். எந்தத் தெருவில் சாக்கடை அடைத்திருக்கிறது, எந்த வார்டில் குழாய் உடைந்திருக்கிறது என்று கேட்டால் சொல்லவேண்டிய பதவியிலே இருந்தவர். அவர் பெற்ற வாக்கு 78,054. ஆட்டக்காரர் பெற்றது 63,982. (அதே பட்டாச்சார்யா 2021-இல் தோற்றார் என்பதையும் சொல்லிவிடுகிறேன், வீழ்த்தியவர், அவருடைய கட்சியிலேயே வளர்ந்து பாரதிய ஜனதாவுக்குப் போன சங்கர் கோஷ். தெருவறிந்தவரைத் தெருவறிந்தவரே வீழ்த்தினார், வெளியிலிருந்து இறக்கப்பட்ட நட்சத்திரம் வீழ்த்தவில்லை.)

இந்த இரண்டு தோல்விகளிலும் ஓர் ஒற்றுமை உண்டு. டார்ஜிலிங் மலையும் சிலிகுரி நகரமும் திரிணாமூலுக்கு அந்த நாட்களிலே வேர் பிடிக்காத நிலங்கள். கிளை இல்லாத இடத்திலே முகத்தை அனுப்பினார்கள். வீடு வீடாகச் சென்று ஐந்தாண்டு உழைக்கவேண்டிய வேலையை, ஐந்து வாரத்திலே ஒரு புகைப்படம் செய்துவிடும் என்று நம்பினார்கள். கொல்கத்தாவிலே ஒரு காலத்தில், ஆட்டக்காரர்கள் கழகம் மாறும் பருவம் வந்தால், ஒரு கழகத்தார் நல்ல ஆட்டக்காரரைக் கூட்டிக்கொண்டுபோய் எங்கேனும் ஒளித்து வைப்பார்களாம், மறு கழகத்தார் கண்ணில் படாமல் இருக்க! கையெழுத்து வாங்கிய பிறகே வெளியே விடுவார்களாம். வேட்பாளர் பட்டியல் வெளியாகும் நாளில் நம் நாட்டுக் கட்சி அலுவலகங்களைப் பார்த்தால் எனக்கு அந்தக் கதைதான் நினைவுக்கு வரும். நேற்றுவரை எந்தக் கொடி என்றே அறியாதவர், காலையில் பொன்னாடை, மாலையில் வேட்பாளர்.

2018 பிப்ரவரியில் பூட்டியா அந்தக் கட்சியை விட்டு விலகினார். மே 31-ஆம் நாள், தம் சொந்த மாநிலத்திலே "ஹம்ரோ சிக்கிம்" என்ற கட்சியைத் தொடங்கினார். "ஹம்ரோ" என்றால் "நம்முடைய". நல்ல பெயர்! காரணமும் நல்ல காரணமே. 1994 முதல் ஒரே முதலமைச்சர், பவன் குமார் சாம்லிங். ஒரே ஆளுங்கட்சி, சிக்கிம் ஜனநாயக முன்னணி. ஊழலை எதிர்ப்போம், மாற்றம் தருவோம் என்று எழுந்தார் பூட்டியா. வரவேற்கத்தக்க எழுச்சி அல்லவா? ஆனால் 2019 ஏப்ரலில் தேர்தல். இடையே இருந்தது பதினோரு திங்கள். இரண்டு தொகுதிகளில் தாமே நின்றார், இரண்டிலும் தோற்றார், கட்சிக்கு ஓர் இடமும் கிட்டவில்லை.

மாற்றம் வராமலா போயிற்று? வந்தது! சாம்லிங் ஆட்சி அதே தேர்தலிலே கவிழ்ந்தது. கவிழ்த்தது சிக்கிம் கிராந்திகாரி மோர்ச்சா. 2013-இல் தொடங்கப்பட்ட கட்சி. 2014-இல் 10 இடம், 2019-இல் 17 இடம், 2024-இல் 32-இல் 31 இடம் என்று படிப்படியாக ஏறிய கட்சி. அதன் தலைவர் பிரேம் சிங் தமாங் பள்ளி ஆசிரியராக இருந்தவர். ஊழல் வழக்கிலே தண்டனை பெற்றுச் சிறை சென்று 2018-இல் திரும்பியவர். அவரை உங்களுக்கு முன்மாதிரியாகக் காட்டமாட்டேன்; ஊழலை எதிர்த்து எழுந்த ஆட்டக்காரரைத் தள்ளிவிட்டு, ஊழல் வழக்கில் சிறை கண்டவரை மக்கள் அரியணை ஏற்றியது எனக்கு இனிப்பான செய்தியும் அன்று. ஆனால் கசப்பு மருந்தைக் கண்டு முகம் திருப்பினால் நோய் தீருமா? தலைவர் சிறையில் இருந்தபோதும் அந்தக் கட்சி கலையவில்லை. ஊர் தோறும் அதற்கு ஆள் இருந்தார்கள். பூட்டியாவின் கட்சிக்கோ பூட்டியா இருந்தார்.

அதன்பின் நடந்ததுதான் எனக்குப் பொறுக்கவில்லை, தோழரே. 2023-ஆம் ஆண்டின் இறுதியிலே தம் கட்சியைக் கலைத்து, எந்தச் சாம்லிங்கின் ஆட்சியை எதிர்த்துக் கொடி தூக்கினாரோ, அந்தச் சாம்லிங்கின் கட்சியோடே இணைத்தார். அதன் துணைத்தலைவர் ஆனார்! காரணங்கள் சொன்னார்கள், அரசியலில் எதற்குத்தான் காரணம் இல்லை? 2018-இல் அவரை நம்பி, ஆளுங்கட்சியைப் பகைத்துக்கொண்டு, அண்டை வீட்டாரின் முணுமுணுப்பைத் தாங்கி, "ஹம்ரோ" என்று கூவிய இளைஞன் ஒருவன் ஏதோ ஒரு மலைச்சரிவிலே இருந்திருப்பான் அல்லவா? 2023-இல் அவன் வீட்டுச் சுவரில் எந்தக் கொடியைக் கட்டச் சொன்னார்கள்?

இங்கேதான் ஆட்டக்களமும் அரசியல் களமும் பிரிகின்றன. பூட்டியா ஈஸ்ட் பெங்காலுக்கு ஆடினார், ஜே.சி.டி.க்கு ஆடினார், ஈஸ்ட் பெங்காலின் பரம வைரியான மோகன் பகானுக்கும் ஆடினார். ஒருவரும் துரோகம் என்று சொல்லக்கூடாது. தொழிலாகப் பந்தாடுபவர் ஒப்பந்தம் முடிந்தால் சட்டையை மாற்றிக்கொள்வார். எந்தச் சட்டை அணிந்தாலும் கோல் கம்பங்கள் இடம் மாறுவதில்லை, அவருடைய திறமையும் குறைவதில்லை. அரசியலிலே அப்படியா? இங்கே சட்டைக்குள் இருப்பதுதான் சரக்கு. சட்டை மாறினால் கம்பமே மாறிவிடுகிறதே! நேற்று எந்தப் பக்கம் அடித்தாரோ அந்தப் பக்கத்தைக் காக்க இன்று நிற்கிறார் என்றால், அரங்கிலே இருப்பவன் எதைப் பார்த்துக் கைதட்டுவான்?

2024 தேர்தலில் பார்ஃபுங் தொகுதியில் 4,346 வாக்குகள் வேறுபாட்டில் தோற்றார். வென்ற ரிக்‌ஷல் டோர்ஜி பூட்டியாவுக்கு 8,358, இவருக்கு 4,012. சால்ட் லேக் அரங்கிலே ஒரே மாலையில் 1,30,000 பேரை எழுந்து நின்று ஆர்ப்பரிக்க வைத்தவருக்கு 4,012! சிக்கிமின் மக்கள் தொகை 2011-ஆம் ஆண்டுக் கணக்கின்படி 6,10,577. அதற்கு 32 சட்டமன்றத் தொகுதிகள். ஒரு தொகுதி என்பது இங்கே ஒன்றிரண்டு பேரூராட்சிகளைச் சேர்த்தால் வரும் அளவு. அவ்வளவு சிறிய இடத்தில் வாக்காளன் வேட்பாளரைச் சுவரொட்டியில் பார்ப்பதில்லை. திருமண வீட்டிலும் இழவு வீட்டிலும் பார்க்கிறான், அல்லது பார்க்காமலே இருக்கிறான். அந்தத் தேர்தலிலே சாம்லிங்கும் தாம் நின்ற இரண்டு தொகுதிகளிலும் தோற்றார். சில வாரங்கள் கழித்துத் தேர்தல் அரசியலை விட்டே விலகுவதாக பூட்டியா அறிவித்தார்.

அரசியல்தான் வேறு உலகம், பந்தின் உலகிலாவது பந்தாடியவருக்கு மதிப்பு உண்டே என்று எண்ணுவீர்கள். அதையும் பாருங்கள். 2022 செப்டம்பரில் அகில இந்தியக் கால்பந்து கூட்டமைப்பின் தலைவர் தேர்தல். பூட்டியா நின்றார். வாக்களிப்போர் மாநிலச் சங்கங்களின் பேராளர்கள், 34 பேர். முடிவு? 33-1! வென்ற கல்யாண் சௌபே கோல்காப்பாளராக இருந்தவர். பாரதிய ஜனதாக் கட்சிக்காரர். அவரும் மக்கள் மன்றத்திலே தோற்றவர்தாம். 2019-இல் கிருஷ்ணாநகர், 2021-இல் மாணிக்தலா, மீண்டும் 2024-இல் அதே மாணிக்தலா இடைத்தேர்தல். மக்களிடம் இருவரும் தோற்றனர். அறைக்குள் நடந்த தேர்தலிலே, அணி சேர்த்து வைத்திருந்தவர் வென்றார். நாட்டுக்காக அதிக கோல் அடித்தவர் யார் என்று அங்கே ஒருவரும் எண்ணிப் பார்க்கவில்லை.

"போதும், நிறுத்தும்! ஆட்டக்காரர் வென்றதே இல்லையா?" என்று கேட்பீர்கள். வென்றிருக்கிறார்கள். இந்திய அணிக்குத் தலைமை தாங்கிய பிரசூன் பானர்ஜி, ஹவுரா நாடாளுமன்றத் தொகுதியில் 2013 இடைத்தேர்தல், 2014, 2019, 2024 என்று நான்கு முறை வென்றார். அதே திரிணாமூல் கட்சி, அதே கால்பந்து. ஒரு வேறுபாடு: ஹவுராவிலே கட்சி வேரோடியிருந்தது. முன்கள ஆட்டக்காரர் திபேந்து பிஸ்வாஸ் 2014 இடைத்தேர்தலில் பசிர்ஹாட் தெற்கில் தோற்று, 2016-இல் அங்கேயே வென்றார். 2021-இல் வாய்ப்பு மறுக்கப்பட்டதும் எதிரணிக்குப் போய்விட்டார். கிளை இருந்த இடத்தில் நட்சத்திரம் வென்றது என்றால், வெற்றியைத் தந்தது கிளையா, நட்சத்திரமா? கிளையே என்றால், அந்த இடத்தில் கிளையைக் கட்டியவனை ஏன் நிறுத்தவில்லை? கிளை இல்லாத இடத்தில் தோல்வி. கிளை உள்ள இடத்தில் உழைத்தவனுக்கு ஓர் இடம் பறிபோயிற்று. எப்படிப் பார்த்தாலும் இழப்பு பசை காய்ந்த கையுடைய அந்தத் தம்பிக்குத்தான்!

நம் மாவட்டத்தாரிடம் இந்த வாதத்தைச் சொன்னால் உடனே 1973-ஐ எடுத்து வீசுவார்கள். "திண்டுக்கல் இடைத்தேர்தலை மறந்தீரா? ஏழு திங்கள் வயதுடைய கட்சி, இரட்டை இலை என்ற புதுச் சின்னம், எம்.ஜி.ஆர். என்ற ஒரே முகம். ஆளுங்கட்சியையே மூன்றாம் இடத்துக்குத் தள்ளவில்லையா?" தள்ளியது. மறக்கவில்லை. ஆனால் அந்த வெற்றியை முகத்தின் கணக்கிலே மட்டும் எழுதுவோர், வரலாற்றின் பாதிப் பக்கத்தைக் கிழித்துவிட்டு வாசிக்கிறார்கள். முதலாவது, அங்கே வேட்பாளர் எம்.ஜி.ஆர். அல்லர், வழக்கறிஞர் மாயத்தேவர். இரண்டாவது, எம்.ஜி.ஆர். 1972-இல் திடுமென அரசியலுக்குள் குதித்தவர் அல்லர்; 1953-இலேயே திராவிட முன்னேற்றக் கழகத்தில் சேர்ந்தவர், 1962-இல் மேலவை உறுப்பினர், 1967-இல் சட்டமன்ற உறுப்பினர். முதலமைச்சர் ஆனது 1977. இருபத்து நான்கு ஆண்டுகள்! மூன்றாவதுதான் முதன்மையானது. ஊருக்கு ஊர் ரசிகர் மன்றம் இருந்தது. வைகையாற்று ஓரத்திலும் குடகனாற்றுக் கரையிலும் பலகை மாட்டி, சந்தா பிரித்து, கணக்கு எழுதி, தலைவர்-செயலாளர்-பொருளாளர் என்று பொறுப்பேற்று நடந்த மன்றங்கள். அவை ஓர் இரவிலே கட்சிக் கிளைகள் ஆயின. திரையிலே தெரிந்தது ஒரு முகம். வீதியிலே வாக்குக் கேட்டு நடந்தவை ஆயிரமாயிரம் கால்கள்.

ஐயம் இருந்தால் நடிகர் திலகத்தைப் பாருங்கள். நடிப்பிலே அவருக்கு நிகர் எவர்? நாடகக்காரன் நான் சொல்கிறேன், எவருமில்லை. 1988-இல் தமிழக முன்னேற்ற முன்னணி என்ற கட்சியைத் தொடங்கினார், 1989-இல் திருவையாற்றில் நின்றார், தோற்றார். அவர் படங்களைக் கண்டு கண்ணீர் விட்ட மக்களா அவரை வெறுத்துவிட்டார்கள்? இல்லை, வாக்களித்துவிட்டு வந்த அன்று மாலையும் அவர் படத்துக்குப் போயிருப்பார்கள். நான் எழுதிய நாடகங்கள் ஊர்த் திருவிழாக்களிலே நடக்கும்போது பார்த்திருக்கிறேன்: இரவு முழுதும் கதாநாயகனோடு அழுத பெரியவர், விடிந்ததும் கொட்டகை போட்டவரிடம் கூலிப் பாக்கிக்காகக் கறாராகப் பேசிக்கொண்டிருப்பார். அழுகையும் உண்மை, கறாரும் உண்மை. மக்கள் இரண்டையும் குழப்பிக்கொள்வதே இல்லை. குழப்பிக்கொள்வது கட்சித் தலைமைகள்தாம்.

கடல் கடந்தும் ஒரு சான்று தருகிறேன், பந்தாட்டக்காரர் நாட்டையே ஆண்ட சான்று. ஆப்பிரிக்காவின் லைபீரியாவில் ஜார்ஜ் வேயா. 1995-இல் உலகின் தலைசிறந்த ஆட்டக்காரர் என்று தங்கப்பந்து பெற்றவர். 2005-இல் அதிபர் தேர்தலில் நின்றார். முதல் சுற்றில் முன்னணி, இரண்டாம் சுற்றில் எல்லன் ஜான்சன் சர்லீபிடம் தோல்வி. படிப்பில்லாதவர் என்று அவரையும் தூற்றினார்கள். என்ன செய்தார் அவர்? போய்ப் படித்தார். 2011-இல் துணை அதிபர் வேட்பாளராகி மறுபடி தோற்றார். 2014-இல் செனட்டர் ஆனார். 2017-இல், முதலில் நின்று பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, அதிபர் தேர்தலில் வென்றார். 2023-இல் மயிரிழையிலே தோற்று, முடிவு வந்ததும் எதிராளியை வாழ்த்திவிட்டுப் பதவியை விட்டு இறங்கினார். ஆட்சி நன்றாக நடந்ததா என்பது வேறு வழக்கு. அவர் நாட்டு மக்கள் ஆறாண்டில் தீர்ப்பு எழுதிவிட்டார்கள். நான் காட்டுவது அந்தப் பன்னிரண்டு ஆண்டை. தோற்ற இடத்திலேயே, தொடங்கிய கட்சியிலேயே, கிடந்து எழுந்த பன்னிரண்டு ஆண்டை!

ஆகவே, தேநீர்க் கடைத் தம்பிக்கு என் விடை இது. ஆட்டக்காரர் வரட்டும். கபடிக்காரர் வரட்டும், நடிகர் வரட்டும், எவரும் வரட்டும். கதவை அடைக்க நாம் யார்? வருகிறவர் முதலில் உறுப்பினர் சீட்டு வாங்கட்டும். வாக்காளர் பட்டியலை எடுத்துக்கொண்டு உன்னோடு ஒரு தெரு நடக்கட்டும். குடகனாற்றுத் தண்ணீர் எந்த வாய்க்காலில் எவ்வளவு திரும்புகிறது, கீழே உள்ள ஊர்கள் ஏன் கூக்குரலிடுகின்றன என்று கேட்டால், படம் எடுக்க நிற்காமல் விடை சொல்லட்டும். தோல் ஆலைக் கழிவால் கெட்ட கிணற்று நீரை நம் பக்கத்துப் பெண்கள் எத்தனை ஆண்டு இறைத்துக் கொட்டினார்கள் என்று தெரிந்துகொள்ளட்டும். அந்தக் கேள்விகளிலே அவர் எந்தப் பக்கம் என்று சொல்லட்டும். ஒலிம்பிக் சுடரை மறுத்த நாளில் பூட்டியா சொன்னாரே, அதுபோல! அதற்குப் பிறகு நிற்கட்டும். நீயும் நானும் தோளில் சுமப்போம்.

அதை விட்டு, நம் கூட்டத்துக்கு இருநூறு பேர் வரவில்லை என்பதற்காக ஒரு முகத்தை வாடகைக்கு எடுப்போம் என்றால், ஒன்றே ஒன்றைக் கேட்கிறேன். பார்ஃபுங்கிலே, மாநிலமே ஒரு பக்கம் சாய்ந்த நாளில், 32-இல் 31 என்று எதிரணி சூறையாடிய நாளில், 4,012 பேர் பூட்டியாவுக்கு வாக்களித்தார்களே, அவர்கள் எளியவர்களா? ஆளுங்கட்சி யார் என்று தெரிந்தும், தோற்கப்போகிறார் என்று தெரிந்தும், வரிசையில் நின்று விரலில் மை வைத்துக்கொண்டவர்கள். 2024 ஜூன் 2-ஆம் நாள் எண்ணிக்கை முடிந்தது. அந்த மாதமே ஆட்டக்காரர் விடைபெற்றார். விடைபெறும் உரிமை அவருக்கு உண்டு. ஆனால் மறுநாள் காலை அந்த 4,012 பேரின் வாசலில் போய் நின்று, "நான் இங்கேதான் இருக்கிறேன்" என்று சொன்னவர் யார்?

நம் தொகுதியிலே அப்படிப் போய் நிற்கப்போகிற ஆண் யார், பெண் யார் என்று உங்களுக்குத் தெரியும். தலைமைக்குத் தெரியாது. அடுத்த கிளைக் கூட்டத்திலே அந்தப் பெயரைத் தீர்மானமாக எழுதி, எல்லோரும் கையொப்பமிட்டு, வேட்பாளர் பட்டியலுக்கு முன்னதாகவே அனுப்பி வையுங்கள். பதிவுத் தபாலில் அனுப்புங்கள், தோழரே. ஒப்புகைச் சீட்டைப் பத்திரமாக வைத்திருங்கள்.